மறு: டிடெர்மினேட் தக்காளிக்கு ‘ஓய்தண்டு’ – ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்,

ரஷ்ய, உக்ரைன் தக்காளி விதைப் பொட்டலங்களில் வரும் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்தே படித்து வருகிறேன். இதுவரை எதுவும் எழுதவில்லை. ஆனால் நேற்று வந்த

> டிடெர்மினேட், இன்டிடெர்மினேட் இரண்டுக்கும் வரம்புடைய, வரம்பற்ற என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதோடு முடித்துக்கொள்ளலாமே

என்ற வரியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் வளர்ச்சி தானாக நின்றுவிடும் தக்காளி டிடெர்மினேட், நிற்காமல் வளர்ந்துகொண்டே போவது இன்டிடெர்மினேட். இந்த ஒரு வேறுபாடு புரியாமல் ஒரு பருவத்துக் காயையே தொலைத்தவன் நான்.

உக்ரைனின் கார்கிவில் படித்த காலத்தில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மா மார்ச் மாதமே பழைய தயிர் டப்பாக்களில் விதை ஊன்றி சன்னல் திண்டில் வரிசையாக வைத்துவிடுவார். மே நடுவில் பனி பயம் போனதும் நாற்றுகளைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த டாச்சா தோட்டத்துக்குப் போவோம். இரண்டு பாத்தி. ஒன்றில் ‘டெ பராவ்’, ஆள் உயரத்தைத் தாண்டுவது. இன்னொன்றில் ‘பெலி நலிவ் 241’, முழங்கால் உயரத்துக்கு மேல் வராத பழைய சோவியத் வகை. டெ பராவில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே கிளம்பும் தளிரைக் கிள்ளக் கற்றுக்கொடுத்தார். அவர் இரண்டு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது உதவி செய்கிறோம் என்ற நினைப்பில் இரண்டு பாத்தியிலும் ஒரு தளிர் விடாமல் கிள்ளிவிட்டேன், விரலெல்லாம் மஞ்சள் பச்சைக் கறை. டெ பராவ் பாட்டுக்கு வளர்ந்தது. பெலி நலிவ் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தவர் ஒரு செடியின் உச்சியைச் சாய்த்துக் காட்டினார்: அங்கே ஒரு பூங்கொத்து, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, தொடர்ந்து போக வேண்டிய தளிர்களையெல்லாம் நான்தான் கிள்ளியிருந்தேன். மறுபடி தளிர் விட்டுப் பூப்பதற்குள் ஆகஸ்ட் மழையும் அதோடு கருகல் நோயும் வந்துவிட்டன.

பொட்டலத்தில் ‘டெடெர்மினான்ட்னி’, அதாவது டிடெர்மினேட், என்று தெளிவாகத்தான் அச்சடித்திருந்தது. எனக்குத்தான் அது வெறும் எழுத்தாக இருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘வரம்புடைய’ என்றால் படிப்பவர் உயரத்துக்கு வரம்பு என்றே எடுத்துக்கொள்வார். உயரம் இதில் விளைவுதான். டிடெர்மினேட் வகையிலும் இடுப்புக்கு மேல் போவது உண்டு. இன்டிடெர்மினேட் செடியையும் அங்கே கோடை முடியப்போகிறது என்று ஆகஸ்டில் உச்சியை வெட்டி நிறுத்துகிறார்கள்.

இன்னொருவர் மஞ்சரிக்கு, அதாவது பூங்கொத்துக்கு, பாடநூலில் வரும் ‘நுனிவளர்’, ‘நுனிவளரா’ இணையைச் சொல்லியிருந்தார். அழகான இணை, எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் தக்காளிக்கு அது பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் எந்த வகையானாலும் தக்காளித் தண்டின் நுனி ஒரு பூங்கொத்தில்தான் போய் முடிகிறது. உயர வகையில் அந்தக் கொத்துக்குக் கீழே, இலைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கக்கத்திலிருந்து ஒரு மொட்டு எழுந்து, கொத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மூன்று இலை விட்டுத் தானும் ஒரு கொத்தில் முடியும், அதன் கக்கத்திலிருந்து அடுத்தது, இப்படியே போய்க்கொண்டிருக்கும். ஒரே தண்டு நீண்டு போவதுபோல நமக்குத் தெரிவது இந்தக் கைமாற்றம்தான். டிடெர்மினேட் வகையில் கொத்துகளுக்கு இடையே இலைகள் இரண்டு, ஒன்று என்று குறைந்து, ஒரு கட்டத்தில் கைமாற்றம் நின்றுபோகிறது. 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வயலில் தானாகத் தோன்றிய செடியிலிருந்து பரவிய குணம் இது. இதற்கான மரபணுவின் பெயரே ‘தன்னைத்தானே கவாத்து செய்துகொள்வது’ என்ற பொருளில்தான் இருக்கிறது.

ஆகவே நுனி வளர்கிறதா என்பதைவிட இந்த ஓட்டம் ஓய்கிறதா, ஓயவில்லையா என்பதுதான் கேள்வி. மழை ஓய்ந்தது, அலை ஓயவில்லை என்கிறோமே, அதே ஓய்தல். என் முன்மொழிவு: டிடெர்மினேட் – ஓய்தண்டு, இன்டிடெர்மினேட் – ஓயாத்தண்டு. முதலில் ‘முடிதண்டு’ என்றுதான் எழுதிப் பார்த்தேன், ஆனால் தக்காளித் தண்டில் உண்மையாகவே முடி இருக்கிறது, ‘மயிருள்ள தண்டு’ என்று படித்துவிடுவார்கள். ‘குத்து, கொடி’ என்று பீன்ஸைப்போலச் சொல்லலாம் என்ற கருத்து பேச்சுக்குச் சரி, ஆனால் தக்காளி எதையும் பற்றிச் சுற்றி ஏறுவதில்லை, கட்டிவிட்டால்தான் நிற்கும்.

பொட்டலம் தொலைந்த செடியையும் இந்தச் சொற்களை வைத்தே இனம் காணலாம். முதல் கொத்து ஆறு ஏழு இலைக்கு மேலேயே வந்து, பிறகு ஓரிரு இலைக்கு ஒரு கொத்து என்றால் பெரும்பாலும் ஓய்தண்டு. ஒன்பது முதல் பதினொரு இலை தாண்டி வந்து, பிறகு மூன்று இலைக்கு ஒன்று என்றால் ஓயாத்தண்டு. கருப்பு கிரிமியா, டெ பராவ் எல்லாம் இந்த இரண்டாவது பக்கம்.

‘ஷ்டாம்போவி’ என்பதை ஓய்தண்டின் உள்வகையாகப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள், அதை மாற்ற வேண்டும். அது தடித்த தண்டும் சுருக்கம் விழுந்த கரும்பச்சை இலையுமாக, தானாக நிமிர்ந்து நிற்கும் செடி. வளர்ச்சி ஓய்வதும் ஓயாததும் அதற்குத் தனிக் கணக்கு. வோல்கோகிராத் 5/95 என்ற வகையைப் போல இரண்டு குணமும் சேர்ந்து வருவது மிகுதி என்பதால்தான் குழப்பம். ‘தண்டு’ என்று முடியாத ஒரு சொல் இதற்கு வேண்டும். நிமிர்செடி போதும் என்று நினைக்கிறேன், ‘ஓய்தண்டு நிமிர்செடி’ என்று சேர்த்துச் சொல்லவும் வரும்.

அப்புறம் கக்கத்தில் கிளம்பும், கிள்ளிவிடுகிற அந்தத் தளிர். ரஷ்யனிலும் உக்ரைனிலும் அதற்குப் பெயர் ‘பாசினொக்’, மாற்றான் மகன் என்று பொருள். தாய்ச்செடியின் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வளர்வதால் அந்தப் பெயர் என்று அந்த அம்மா சொன்னார். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை, நம் வீடுகளில் அப்படி வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தோட்டத்தில் கிள்ளி எறிவதற்கு அந்தப் பெயர் வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் ‘கக்கவரும்பு’ இருக்கிறது, அதன் வழியில் கக்கத்தளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு முடிச்சு அவிழாதது ‘சூப்பர்டெடெர்மினான்ட்னி’ மட்டும்தான், இரண்டு மூன்று கொத்திலேயே நின்றுவிடுவது. ‘முன்னோய்தண்டு’ என்று எழுதினால் காதில் ‘நோய்’ என்று விழுகிறது. ‘விரைந்தோய்தண்டு’ நீளமாக இருக்கிறது. யாருக்காவது இதைவிடக் குறுகலாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.