பழைய டெக், வேலி கழட்ட ஆள் பிடிக்கிறது: 1,400 டொலரோ, 3,200 டொலரோ?

கோண்டாவிலான்:
வணக்கம். கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில, மக்கோவன் ரோட்டுப் பக்கம் வீடு. பின்வளவில 12க்கு 16 அடி டெக் (பலகை மேடை) ஒண்டு, முந்தின வீட்டுக்காரர் 90களில அடிச்சது. படியெல்லாம் உக்கிப் போச்சு. இடப்பக்க வேலியும் சரிஞ்சு பக்கத்து வீட்டு ரோசாவில சாய்ஞ்சு நிக்குது. ரண்டையும் கழட்டி ஏத்த ரண்டு பேரிட்ட விலை கேட்டன். ஒருத்தர் 1,400, கைக்காசு, பில் இல்லை. மற்றவர் 3,200, அதுக்கு மேல 13 வீதம் எச்.எஸ்.ரி விற்பனை வரி. வேலை ஒண்டுதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? மனிசி 1,400 காரரைத்தான் கூப்பிடச் சொல்லுறா.

சுன்னாகம் பெடியன்:
ஒரு அலவாங்கும் ரண்டு மச்சான்மாரும் காணும் அண்ணை. பலகையைக் கோடை முழுக்க பின்வளவில எரிச்சுக் குளிர்காயலாம்.

பழைய பலகை:
தம்பி, அந்தப் பலகையை எரிக்காதையுங்கோ. 2003 முடியும்வரைக்கும் இஞ்ச வீட்டு வேலைக்கு வந்த பச்சைநிறப் பலகையில ஆர்சனிக் மருந்து ஏத்தியிருக்கும். எரிச்சால் அது சாம்பலில நிக்கும். பிள்ளையள் விளையாடுற இடம்.

கோண்டாவிலான் அண்ணை, நான் இந்த இடிக்கிற வேலையிலதான் நிக்கிறன். மேல்பலகை கழட்டுறது ஒரு காலமை வேலை. காசு போறது நிலத்துக்குக் கீழயும் குப்பையிலயும்தான். குளிருக்கு நிலம் உறைஞ்சு தூணைத் தூக்கிப் போடும் எண்டு இஞ்ச 4 அடி ஆழத்துக்குக் கொங்கிறீட் இறக்குவினம். மலிவாச் சொல்லுற ஆக்கள் பெரும்பாலும் தூணை நிலமட்டத்தோட அறுத்துப்போட்டுப் போயிடுவினம். மேலால மண் போட்டால் வடிவாத்தான் இருக்கும். புது வேலிக்குக் கிடங்கு கிண்டேக்கை பழைய கொங்கிறீட் குறுக்க நிக்கும். அப்ப அதுக்கு வேற காசு.

அதால ரண்டு பேரிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்கோ: கொங்கிறீட்டை முழுக்க எடுப்பீங்களோ? செங்கல் சுவரில போல்ட் அடிச்சு நிக்கிற பலகையைக் கழட்டினாப் பிறகு அந்த ஓட்டையளை அடைப்பீங்களோ? (அடைக்காட்டில் தண்ணி உள்ளுக்கை இறங்கிப் பேஸ்மென்ற் நாறும்.) குப்பை எங்க போகுது, எடை போட்ட துண்டு தருவீங்களோ? எல்லாத்தையும் எழுத்தில வாங்குங்கோ. லயபிலிற்றி இன்சூரன்ஸ் கடதாசியும் கேளுங்கோ. கைக்காசுக்கு வந்தவர் பக்கத்து வீட்டு யன்னலை உடைச்சால் நீங்கள் ஆரைப் பிடிப்பீங்கள்?

கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலில (நிலத்துக்குக் கீழ போற குழாய், வயர் எங்க எண்டு காட்டுற சேவை) பதியவேணும். காசில்லை, ஆனால் சட்டம். வந்து புல்லில கோடு போடுவினம்: மஞ்சள் காஸ், சிவப்பு கரண்ட். ஆனால் மீட்டர் வரைக்கும்தான் பாப்பினம். டெக்குக்குக் கீழால பார்பிக்கியூவுக்கு ஆரும் காஸ் குழாய் இழுத்திருந்தால் அதில கோடு வராது. முந்தின வீட்டுக்காரர் தன்ர கையால செய்த ஆள் எண்டால் எனக்கு அதுதான் பயம்.

மிசிசாகா அக்கா:
வேலி ஆற்ற எண்டு முதல் பாருங்கோ. எங்கட வீட்டில சேர்வே எடுத்துப் பாத்தால் வேலி முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரரின்ர காணிக்குள்ள. யாழ்ப்பாணத்தில வேலிக்கு வழக்குப் போட்டுக் கோடேறின சனம், இஞ்ச வந்தும் அதே சோலியோ எண்டு இவர் சிரிச்சார். பக்கத்து வீட்டுக்காரரிட்ட ஈமெயிலில சம்மதம் வாங்கினாப் பிறகு கை வையுங்கோ. அவையிட்ட நீச்சல் குளம் இருந்தால் இன்னும் கவனம், உங்கட வேலிதான் அதுக்கும் அடைப்பு. ஒரு நாளைக்குக்கூடத் திறந்து விட ஏலாது.

கோண்டாவிலான்:
எல்லாருக்கும் நன்றி. 1,400 காரரைக் கேட்டன். கொங்கிறீட் கிண்ட இன்னொரு 900, குப்பைக்கு "பாத்துச் செய்வம்". 3,200இல ரண்டும் அடக்கமாம், சுவர் ஓட்டையும் அடைப்பினமாம். மனிசி இப்ப ஒண்டும் சொல்லேல்லை. பக்கத்து வீட்டில குளம் இல்லை, ஒரு பெரிய நாய் நிக்குது. பழைய வேலி கழட்டிப் புது வேலி வரும்வரைக்கும் என்ன செய்யிறது?

பழைய பலகை:
கழட்டுற அண்டைக்கே இரும்புக் கம்பி நட்டு ஆரஞ்சு பிளாஸ்டிக் வலை கட்டச் சொல்லுங்கோ. அதையும் அந்த 3,200க்குள்ள கேளுங்கோ, தருவினம்.