புதுப்பிப்பு: கோத்தகிரி வீட்டு லித்தியம் பேட்டரிக்கு எந்த ஒயர்?

12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் பி.எம்.எஸ்.ஸிலிருந்து (செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்று) 1000 வாட் இன்வெர்ட்டருக்கு எந்தத் தடிமனில் ஒயர் போடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். 25 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரே போட்டுவிட்டேன்.

முழுச் சுமையில், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 100 ஆம்பியர் ஓடும். ஒயரின் நீளம் போக வர மொத்தம் இரண்டு மீட்டர். 10 சதுர மில்லிமீட்டரில் 0.37 வோல்ட் வீணாகும், அதாவது 37 வாட் சூடு! நான் போட்ட 25 சதுர மில்லிமீட்டரில் 15 வாட்தான். செல்களைச் சமப்படுத்த ஒவ்வொரு செல்லிலிருந்தும் பி.எம்.எஸ்.ஸுக்குப் போகும் மெல்லிய பேலன்ஸ் ஒயர்களை மாற்றவில்லை. அவற்றில் ஓடுவது சொற்ப மின்னோட்டமே. ஃப்யூஸ் நேர்முனையை ஒட்டியே இருக்கிறது.

உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்து நண்பர்களே, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் பி.எம்.எஸ்.ஸில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். இல்லையென்றால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும்.