மெரிட் ஸ்காலர்ஷிப், ஃபைனான்சியல் எய்ட்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

டாலஸ் அம்மா

போன வருடம் மகளுக்கு எய்ட் கடிதம் வந்தது, அதாவது படிப்புச் செலவுக்கு என்னென்ன உதவி என்று கல்லூரி அனுப்புவது. இங்கே அமெரிக்காவில் ஒரு தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். மேலே வாழ்த்துகள், கீழே தடித்த எழுத்தில் மொத்தம் 41,000 டாலர். உடனே திருச்சிக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா கேட்டதும் பூஜை அறைக்கு விளக்கேற்றப் போய்விட்டார். மகள் மட்டும் வாயே திறக்காமல் கடிதத்தை மேலும் கீழும் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பாட்டிகிட்ட இப்போ சொல்லாத" என்றாள்.

மெரிட், அதாவது படிப்புத் திறமைக்காகத் தருவது, 16,000. அவள் பெயரில் மத்திய அரசுக் கடன் 3,500, அப்புறம் இன்னொரு 2,000. வொர்க் ஸ்டடி, அதாவது படித்துக்கொண்டே அவள் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது, 2,500. மீதி 17,000 பேரண்ட் பிளஸ் லோன், அதாவது நாங்கள் வாங்கி நாங்களே வட்டியோடு கட்ட வேண்டியது. எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்த 41,000! கல்லூரி தன் கையிலிருந்து தருவது 16,000 மட்டும்.

போன் செய்து கேட்டேன். எடுத்தவர் மிகக் கனிவாக, "உங்களுக்கு முழுச் செலவும் கவர் ஆகிவிட்டதே" என்றார். என் தலையில் ஏறும் கடனை அவர்கள் தரும் உதவியோடு சேர்த்துக் கூட்ட எப்படி மனம் வருகிறது? இன்னும் ஆறவில்லை.

எடிசன்வாசி

அக்கா, உங்களுக்குக் கடனாவது காட்டினார்கள். என் மகன் எச்4, அதாவது என் வேலை விசாவை ஒட்டிக் குடும்பத்துக்குத் தரும் விசா. விவரம் தெரியாத வயதில் இங்கே வந்தவன். மத்திய அரசின் உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும்தான். இந்தியர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கும் கிரீன் கார்டு வரிசையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளி விருது விழாவில் ஊர்ச் சங்கம் ஒன்றின் ஸ்காலர்ஷிப்புக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறிக் கைகுலுக்கி உறையை வாங்கினான். உள்ளே இருந்த படிவத்தில், குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றை இணைக்கச் சொல்லியிருந்தது. பார்க்கிங்கில் வைத்து அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பரவாயில்லப்பா, அடுத்த பையனுக்குப் போகட்டும்" என்றான். பதினேழு வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறான்.

எச்4 பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: பல தனியார் கல்லூரிகளின் மெரிட்டுக்கு விசா ஒரு தடையில்லை, ஒவ்வொரு இடத்திலும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் வசதியைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, தேவைக்கேற்ப உதவியும் தருகிறார்கள். இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

கணக்குப்பிள்ளை

டாலஸ் மேடம், உங்கள் கோபம் நியாயம். ஆனால் கடிதம் வரும்வரை காத்திருக்கவே வேண்டியதில்லை. என் கதை சின்னது: மகள் வெளியில் ஓர் அறக்கட்டளையில் 4,000 டாலர் ஜெயித்தாள், கட்டுரை எழுதி, நேர்காணல் போய். கல்லூரிக்குத் தெரிவித்ததும் அவர்கள் தரும் கிராண்டில், அதாவது திருப்பித் தர வேண்டாத உதவியில், சரியாக 4,000 குறைந்தது. எங்கள் பில்லில் ஒரு டாலர் இறங்கவில்லை. அன்றிலிருந்து எல்லா விதியையும் படித்துவிட்டுத்தான் பேசுவது.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். உதவி போக நமக்கு எவ்வளவு செலவாகும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் உள்ள கல்லூரிகள் தங்கள் தளத்தில் வைத்தாக வேண்டும், 2011 முதல் கட்டாயம். விண்ணப்பிக்கும் முன்பே வருமானம், சேமிப்பு எல்லாம் போட்டுப் பாருங்கள். அடுத்து, கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடுங்கள், கல்லூரி தன் புள்ளிவிவரங்களை வெளியிடும் தொகுப்பு அது. எச் பிரிவில், பணத் தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று இருக்கும். ஹார்வர்டு, யேல் எல்லாம் சேர்ந்த ஐவி லீக் கல்லூரிகள் எட்டிலும் மெரிட் என்பதே கிடையாது, தேவை அடிப்படை மட்டும்தான். நம் ஆட்கள் அங்கே போய் "என் பையன் எஸ்.ஏ.டி. 1560" என்று பேரம் பேசுவதில் பயனில்லை.

சொந்த வீடு வைத்திருப்பவர்கள் கவனிக்க: குடியிருக்கும் வீட்டின் மதிப்பை மத்திய அரசின் உதவி விண்ணப்பமான ஃபாஃப்சா கேட்பதில்லை, சில கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் விண்ணப்பமான சி.எஸ்.எஸ். புரொஃபைல் கேட்கும். அதை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தால் ஃபாஃப்சாவில் முன்பு சலுகை இருந்தது, 2024-25 முதல் அதுவும் போய்விட்டது. கடிதம் வந்த பிறகு ஒரே கழித்தல்தான். மொத்தச் செலவில், அதாவது விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்ததில், திருப்பித் தர வேண்டாத பணத்தை மட்டும் கழியுங்கள். மீதிதான் நீங்கள் கட்டுவது.

ராலே தோழி

கணக்குப்பிள்ளை சார், கால்குலேட்டர் கால்குலேட்டர் என்கிறீர்கள். போட்ட வருமானமே இல்லாமல் போனால்? ஃபாஃப்சா இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைத்தான் எடுக்கிறது. அந்த வருடம் என் கணவருக்கு நல்ல போனஸ். மகன் சேர வேண்டிய வருடம் மார்ச்சில் லே-ஆஃப். காகிதத்தில் நாங்கள் வசதியானவர்கள், வீட்டில் ஒரே சம்பளம்.

மறுபரிசீலனை கேட்கலாம் என்று பள்ளி கவுன்சிலர் சொன்னார். 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' என்று பெயர், சூழ்நிலை மாறினால் எய்ட் அதிகாரி கணக்கை மாற்ற சட்டத்தில் இடம் உண்டு. வேலை போன கடிதம், கம்பெனி கொடுத்த இழப்பீட்டுக்கான செவரன்ஸ் தாள், வேலையில்லாக் கால உதவி வரும் ரசீது எல்லாம் ஃபைலில் போட்டு நேரிலேயே போனோம். அந்த அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். செவரன்ஸ் தாளில் இருந்த தேதியைப் பார்த்து நிறுத்தி, "இது நடந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லையே" என்று என் கணவரை நிமிர்ந்து பார்த்தார். வேலை போன நாளிலிருந்து யாரிடமும் பேசாத மனிதர், அவரிடம் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிராண்டை உயர்த்தினார்கள், ஆனால் பதில் வந்தது, எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல வேண்டிய மே 1-க்குப் பிறகு. டெபாசிட்டை வேறு கல்லூரியில் கட்டியிருந்தோம்.

கணக்குப்பிள்ளை

ராலே மேடம், அதற்குத்தான் கால அவகாசம் கேட்டு எழுத வேண்டும். மே 1-ஐத் தள்ளிவைக்கச் சொல்லி மின்னஞ்சல் போட்டால் பல கல்லூரிகள் சம்மதிக்கும்.

ராலே தோழி

கேட்டோம் சார். "இடம் உறுதி சொல்ல முடியாது" என்றார்கள். வேலையில்லாத வீட்டில் அந்தத் துணிச்சல் வராது.

சோஃபோமோர்

நான் மாணவன், பெற்றோர் இல்லை. எழுதலாமா? இங்கே எல்லோரும் முதல் வருடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மெரிட்டுக்கு ஜி.பி.ஏ., அதாவது சராசரி மதிப்பெண், நாலுக்கு 3.0 நிற்க வேண்டும். கெமிஸ்ட்ரியில் சி வாங்கியதில் வருடக் கடைசியில் 2.96. லைப்ரரியில் இருந்தபோது மின்னஞ்சல் வந்தது, "அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படாது" என்று ஒரே வரி. அப்பாவுக்கு போன் செய்ய முடியாமல் அக்காவுக்குச் செய்தேன். கோடை வகுப்பு எடுத்தால் ஜி.பி.ஏ. உயர்த்தி மீட்கலாம் என்று விதியில் எங்கோ கீழே இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். எடுத்தேன், திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டினோம்.

டாலஸ் அம்மா

தம்பி, கண்டிப்பாக எழுதலாம். நீ சொன்ன பிறகு மகளின் கடிதத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அவளுக்கு 3.25 கேட்கிறார்கள், இன்ஜினியரிங்கில்! கணக்குப்பிள்ளை சார், முதல் வருடத்துக்கு மட்டும் தளர்வு கொடுக்கிற கல்லூரிகள் உண்டா? இளையவனுக்கு அடுத்த அக்டோபரில் ஃபாஃப்சா ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் தெரிந்தால் நல்லது.