35 அங்குல டயருக்கு 4.88 கிரவுனா, இருப்பதே போதுமா?

மலைவழி:
டென்வரில் இருக்கிறேன். வண்டி 2013 ஜீப் ராங்க்ளர், நான்கு கதவு சஹாரா. 3.6 லிட்டர் பென்டாஸ்டார் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். முன்னால் டேனா 30 ஆக்ஸில், பின்னால் டேனா 44 ஆக்ஸில். இரண்டிலும் கிரவுன் பினியன், அதாவது சக்கரத்தைச் சுற்றும் கடைசிப் பல்சக்கர ஜோடி, 3.73 விகிதம். கம்பெனி கொடுத்த 32 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டேன். பார்க்கப் பிரமாதம், ஓட்டினால் அழுகை. ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் மலைச் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது கியர் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது கியரைச் சமவெளியில்கூட அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இரண்டு ஆக்ஸிலிலும் கிரவுன் பினியனை மாற்றி 4.88 போடச் சொல்கிறார்கள். கூலியோடு இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும். வார இறுதியில் மலைப்பாதை, எப்போதாவது யூட்டாவின் மோவாப் பாறைப்பாதைகள், மற்ற நாளெல்லாம் அலுவலகம். செய்யலாமா?

ஊர்சுற்றி:
வேண்டாம். ஏற்கெனவே கையில் இருப்பதை இரண்டாயிரம் டாலர் கொடுத்து மறுபடியும் வாங்கப் பார்க்கிறீர்கள். 3.73 என்றால் பினியன் 3.73 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுகிறது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் கியர்பெட்டியில் 3.59, 2.19, 1.41, 1.00, 0.83 என்று ஐந்து படிகள் இருக்கின்றன. ஏற்றத்தில் இழுக்கவில்லையா, லீவரைத் தட்டி மூன்றிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு ஏறுங்கள். தாவலும் நின்றுவிடும். கிரவுனை மாற்றுவதால் எஞ்சினுக்குப் புதிதாக ஒரு குதிரைத்திறன்கூட வராது. 35 போட்டதே தோற்றத்துக்காக என்றால் 33க்கு இறங்குங்கள். தொல்லையில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
ஊர்சுற்றி படிகளை எண்ணுகிறார், படிகளுக்கு இடையே உள்ள உயரத்தைப் பார்க்கவில்லை. 35 அங்குல டயர் மணிக்கு 65 மைல் வேகத்தில், அதாவது சுமார் 105 கிலோமீட்டரில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 625 முறை சுற்றும். 3.73 கிரவுனோடு நான்காவது கியரில் எஞ்சின் 2,330 சுற்று, மூன்றாவதில் 3,290. நடுவில் ஒன்றுமே இல்லை. மலைவழியின் கியர் தாவுவது அந்தப் பள்ளத்துக்குள்தான். நான்கில் மூச்சு வாங்குகிறது, மூன்றில் தேவைக்கு மேல் அலறுகிறது.

இப்போது உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுரங்கம் ஏறக்குறைய 3,400 மீட்டரில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 30 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் இது. காகிதத்தில் உள்ள 285 குதிரைத்திறனில் அங்கே மிஞ்சுவது 200 அளவில்தான். டார்க், அதாவது முறுக்குவிசை, உச்சத்துக்கு வருவதே 4,800 சுற்றில்தான். 2,330இல் அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? 4.88 போட்டால் அதே வேகத்தில் நான்காவது கியர் 3,050க்கு வரும், ஐந்தாவது 2,530க்கு வரும். இப்போது அலங்காரத்துக்கு இருக்கும் ஐந்தாவது கியர் அப்போதுதான் வேலைக்கு வரும்.

ஊர்சுற்றி:
கூடவே பெட்ரோல் பங்க்கில் மாதச் சந்தாவும் கட்டவேண்டி வரும். மோவாப் போகும் வழியில், யூட்டாவில் 80 மைல் வரை அனுமதி உண்டு. அந்த வேகத்தில் ஐந்தாவது கியரிலேயே 3,100 சுற்று. ஐந்தாறு மணிநேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு யார் உட்காருவது?

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 32இலிருந்து 35க்குப் போனால் 3.73 கிரவுன் 3.41 போல நடந்துகொள்ளும். பழைய நிலைக்கு வர என்ன வேண்டும்? 3.73ஐ 35ஆல் பெருக்கி 32ஆல் வகுத்தால் 4.08. ஆக 4.10 போட்டாலே கம்பெனி கொடுத்த ஓட்டம் திரும்பிவிடும். 4.88 எங்கிருந்து வந்தது? கடைக்காரர் அலமாரியிலிருந்து வந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
கம்பெனி கொடுத்த ஓட்டமே எரிபொருள் சிக்கனச் சான்றிதழை மனத்தில் வைத்துக் கொடுத்த ஓட்டம். அதைத் திருமந்திரமாக எடுத்துக்கொள்வானேன்? இதே ராங்க்ளரில் கரடுமுரடுப் பாதைக்கென்று வந்த ரூபிகான் வகையில், இதே 32 அங்குல டயருக்கு, கம்பெனியே 4.10 தந்தது. அந்த விகிதத்தை 35க்கு மாற்றிப் பாருங்கள், 4.48 வரும்.

மைலேஜ் பற்றி ஒன்று. பெரிய டயர் போட்டுவிட்டுக் கணினியில் அளவை மாற்றாதவர்கள்தான் மைலேஜ் விழுந்துவிட்டது என்று அதிகம் புலம்புகிறார்கள். டயர் பெரிதானதும் ஓடோமீட்டர் 100 மைலை 91 என்றுதான் காட்டும். குடித்த பெட்ரோல் உண்மை, ஓடிய தூரம் பொய். உண்மையாகவே கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு டயரின் எடையும் அகலமும், செங்கல் போன்ற அந்த முன்முகமும்தான். ஸ்பீடோமீட்டருக்கும் இதே கதி. அது 65 காட்டும்போது நீங்கள் 71இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மலைவழி, இதையாவது சரிசெய்துவிட்டீர்களா?

மலைவழி:
இல்லை. இப்போதுதான் தெரிகிறது, போக்குவரத்தில் எல்லாரும் மெதுவாகப் போவதுபோல் ஏன் தோன்றியது என்று.

பாறைப்பல்லி:
எல்லாரும் நெடுஞ்சாலையைப் பற்றியே பேசுகிறீர்கள். மலைப்பாதைக்கும் மோவாபுக்கும் போகிறவர் அவர். பாறையில் தேவைப்படுவது லோ ரேஞ்சில், அதாவது மலைப்பாதைக்கான தாழ்ந்த கியர் நிலையில், எவ்வளவு மெதுவாக ஊர முடிகிறது என்பது. முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்து, லோ ரேஞ்சும் தரும் பெட்டி), ஆக்ஸில் மூன்றின் விகிதங்களையும் பெருக்குங்கள். இப்போது 3.59 × 2.72 × 3.73, அதாவது 36. அவர் 4.88 போட்டால் 48 ஆகும். கிரவுனைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸை ரூபிகானில் வருவதுபோல 4க்கு 1ஆக மாற்றினால் 54. கிரவுன் மாற்றுவதைவிட அதிகம் கிடைக்கிறது, நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றும் ஏறாது. ஊர்சுற்றியின் காதும் தப்பித்தது.

பிளாக் பேர் கணவாயிலிருந்து டெல்யூரைட் பக்கம் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். நான்கு கதவு வண்டி ஒரே வீச்சில் அங்கே திரும்பாது. முன்னே பின்னே எடுத்துத்தான் திருப்ப வேண்டும், ஓரத்தில் தடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தினால்தான் பிரேக் சூடாகாமல் இறங்கலாம். அதற்கு 54 எங்கே, 48 எங்கே?

கணக்குப்பிள்ளை:
இந்தக் கணக்கு சரி. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை ரேஞ்சில் ஒன்றுக்கு ஒன்றுதான். சுரங்க ஏற்றத்துக்கு அது ஒரு தம்பிடிக்கும் உதவாது. அவர் புகார் சொன்னது ஐ-70ஐப் பற்றி. பாறையில் ஊர முடியவில்லை என்று அவர் எங்கும் எழுதவில்லை.

பட்டறைவாசி:
தம்பிகளே, நான் கிரவுன் பினியன் மாட்டியே நரைத்தவன். உங்கள் எண்கள் எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் ஆக்ஸில் ஹவுசிங்கைத் திறந்து பார்க்கவில்லை.

முதலில் பல் கணக்கு. 3.73 என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 11. 4.56 என்றால் 41க்கு 9. 4.88 என்றால் 39க்கு 8. கிரவுன் உட்காரும் ஹவுசிங் அதேதான், அதனால் விகிதம் கூடக்கூடப் பினியன்தான் மெலிகிறது. பின்னால் இருக்கும் டேனா 44 பெரியது, இதைத் தாங்கிக்கொள்ளும். முன்னால் இருக்கும் டேனா 30 சிறியது. அதில் 4.88 வரை போட்டு ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 5.13 கேட்டு வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு சக்கரம் பாறையில் சிக்கியிருக்க, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற பழக்கம் உள்ளவருக்கு 4.88ஐக்கூட யோசித்துத்தான் போடுவேன்.

பாறைப்பல்லி சொன்ன 4க்கு 1 நல்ல பொருள்தான். ஆனால் அங்கே பெருகும் டார்க் முழுவதும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், யூ ஜாயின்ட், பினியன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். கிரவுனில் பெருக்கினால் அதற்கு முன்னால் இருக்கிற ஷாஃப்டும் கியர்பெட்டியும் அந்த அளவுக்குச் சுமை குறைந்து வேலை செய்யும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது முக்கியம். கனமான டயரை எண் குறைந்த கிரவுனோடு ஏற்றத்தில் இழுத்தால், கிளட்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் நழுவிக்கொண்டே இருக்கும். நழுவினால் சூடு, சூடு ஏறினால் ஆயில் கெடும். கியர்பெட்டி ஆயில் கருகி வாசம் வரும் வண்டிகளில் பாதி இப்படி டயரை மட்டும் மாற்றிவிட்டு வந்தவைதான். மூன்றிலேயே போட்டு ஓட்டுங்கள் என்று ஊர்சுற்றி சொன்னது இன்றைக்கு நல்ல வழி. ஆண்டுக்கணக்கில் ஓட்ட அது வழியாகாது.

ஊரில் இது புதுப் பேச்சும் இல்லை. நாமக்கல்லில் எந்தப் பட்டறையிலும் கேட்டுப் பாருங்கள், கல்குவாரி டிப்பருக்கும் வடநாடு போகும் லாரிக்கும் ஒரே விகிதத்தைப் போடுவார்களா என்று.

ஊர்சுற்றி:
ஐயா, டிப்பர் லாரி பத்து டன் தூக்குகிறது. இவர் தூக்குவது ஒரு கூடாரமும் ஐஸ்பெட்டியும். அதோடு, கம்பெனி மாட்டிய ஆக்ஸில் சத்தமில்லாமல் லட்சம் மைல் ஓடும். பிரித்து மாட்டிய ஆக்ஸிலில் 50 மைல் வேகத்தில் ஊளைச் சத்தம் வருவதை நான் பல வண்டிகளில் கேட்டிருக்கிறேன். நல்ல பொருளைப் பிரிக்காதே என்பதுதான் என் கட்சி.

பட்டறைவாசி:
ஊளை வருவது விகிதத்தின் குற்றமில்லை, மாட்டியவன் கை. அதனால்தான் இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யாதீர்கள் என்கிறேன். பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை ஷிம் தகடு வைத்துச் சரிசெய்வோம். தலைமயிர் கனத்துக்குத் தகடு கூடினாலும் குறைந்தாலும் பல் கடிக்கும் இடம் மாறிவிடும். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள பிளேயை டயல் கேஜ் வைத்துப் பார்ப்போம், பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பிறகு கிரவுன் பல்லில் மஞ்சள் பசையைத் தடவி, கையால் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்ப்போம். பசையில் விழும் தடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். உச்சிக்கு ஏறியிருந்தால் பினியன் வெளியே நிற்கிறது என்று அர்த்தம், அடியில் இறங்கியிருந்தால் உள்ளே போய்விட்டது. மறுபடியும் பிரி, பேரிங்கைக் கழற்று, தகடு மாற்று, மாட்டு. பினியன் நட்டுக்குக் கீழே நசுங்கிக் கொடுக்கும் கிரஷ் சிலீவைக் கொஞ்சம் மீறி இறுக்கிவிட்டாலும் அது குப்பைக்குத்தான், புதிது போட வேண்டும். தளர்த்தி மறுபடி இறுக்கிச் சமாளிக்கிறவனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இதில் பொறுமை இல்லாதவன் மாட்டினால் 3.73ஐயே மறுபடி மாட்டினாலும் ஊளைதான்.

மலைவழி:
ஐயா, செலவைக் குறைக்க முதலில் பின் ஆக்ஸிலை மட்டும் மாற்றிவிட்டு, முன்னால் இருப்பதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமா?

பட்டறைவாசி:
நான்கு சக்கர இழுவையை அதுவரை தொடவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் செய்யலாம். முன்னும் பின்னும் விகிதம் வேறாக இருக்கும்போது தார்ச் சாலையிலோ பாறையிலோ நான்கு சக்கரத்தில் போட்டால், ஒரு ஆக்ஸில் மற்றதை இழுக்கும், மற்றது விடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினோ ஷாஃப்டோ போகும். மலைப்பாதைக்காக மாற்றிவிட்டு மலைப்பாதையில் பயன்படுத்தக் கூடாது என்றால் எதற்கு? இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். பணம் இல்லையென்றால் சேரும்வரை பொறுங்கள்.

எனக்கு உங்கள் வண்டிக்குப் பொருத்தமாகத் தெரிவது 4.56. 4.88ஐவிடப் பினியனில் ஒரு பல் கூடுதல், ரூபிகான் கணக்குக்கு ஒட்டி வருகிறது. 65 மைலில் நான்காவது கியர் 2,850 அளவில் நிற்கும், கணக்குப்பிள்ளை சொன்ன பள்ளத்தை அது அடைத்துவிடும். யூட்டா சாலையில் 80 மைல் போனாலும் 2,900 சொச்சம்தான், தாங்கலாம்.

கணக்குப்பிள்ளை:
4.56க்கு எதிராக எனக்குப் பெரிய வழக்கு இல்லை. ஆனால் டென்வரே 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவர் வண்டி ஒருநாளும் கடல் மட்டத்துக் காற்றைச் சுவாசிக்கப் போவதில்லை. இரும்புப் பம்பர், வின்ச், கூரைக் கூடாரம் என்று எடையும் ஏறத்தான் போகிறது. ஏறாத ராங்க்ளரை நான் பார்த்ததில்லை. ஒருமுறைதான் பிரிக்கப்போகிறோம் என்றால் 4.88 என்பதில் நிற்கிறேன்.

பாறைப்பல்லி:
பிரிக்கத்தான் போகிறீர்கள் என்றால் பின் ஆக்ஸிலில் லாக்கரையும் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது) சேர்த்து மாட்டிவிடுங்கள். கிரவுனைத் தாங்கும் கேரியர் எப்படியும் வெளியே வரும், கூலி இரண்டாம் முறை கொடுக்க வேண்டாம். ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எந்த விகிதமும் உங்களைக் காப்பாற்றாது. மோவாபின் ஹெல்ஸ் ரிவெஞ்ச் பாதையில் அது அடிக்கடி நடக்கும்.

ஊர்சுற்றி:
பார்த்தீர்களா, இரண்டாயிரம் டாலர் வேலை மூன்றாயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் பட்டறை வாசலைக்கூட மிதிக்கவில்லை.

மலைவழி:
எல்லாருக்கும் நன்றி. 4.56, இரண்டு ஆக்ஸிலும் ஒரே நேரத்தில், லாக்கர் இப்போது வேண்டாம். பட்டறையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பட்டறைவாசி:
மூடி போடுவதற்கு முன் பசைத் தடத்தைப் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். பேரிங், சீல் எல்லாம் புதிது, பழையதைத் துடைத்து மாட்ட விடாதீர்கள். வண்டியை எடுக்கும் அன்றே கணினியில் டயர் அளவும் புது விகிதமும் ஏற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் மாறும் நேரமே குழம்பிவிடும். முதல் ஓட்டம் 25 கிலோமீட்டர் நிதானமாகப் போய், வண்டியை நிறுத்தி ஆக்ஸில் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை விடுங்கள். பிறகும் சில நாள் விரட்டாதீர்கள். 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர் இழுக்கக் கூடாது. அது முடிந்ததும் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றுங்கள், வடியும் ஆயிலில் மெல்லிய சாம்பல் நிறத் தூள் இருந்தால் பயப்பட வேண்டாம். விரலில் தட்டுப்படும் துண்டு இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மாட்டியவரைக் கூப்பிடுங்கள்.

ஊர்சுற்றி:
நடக்கட்டும். அடுத்த வருடம் 37 அங்குல டயரோடு வந்து நிற்காமல் இருந்தால் சரி.

கணக்குப்பிள்ளை:
37 போட்டு இதே ஓட்டம் வேண்டுமென்றால் 4.82 தேவை. அதைத்தான் முதலிலிருந்து 4.88 என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.