பல்லைப் பிடுங்கும் முன்: எங்கள் நங்கநல்லூர் குடும்பக் குழுவில்

சனி, காலை 8.10

மாலதி: யாராவது நல்ல பல் டாக்டர் சொல்லுங்கள். வலது தாடையில் மூன்று வாரமாக வலி. இட்லியை மென்றாலே காது வரை இழுக்கிறது. நேற்றுப் பார்த்த டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்.

சரோஜா: கிராம்பு வைத்துப் பார்த்தாயா மாலு?

மாலதி: கிராம்பு, உப்புத் தண்ணீர், எதிர்வீட்டு மாமி கொடுத்த தைலம் எல்லாம் ஆயிற்று அக்கா.

கோபால்: பிடுங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு. நான் இரண்டு பிடுங்கியிருக்கிறேன், என்ன கெட்டுப்போயிற்று?

நித்யா: அப்பா, கொஞ்சம் சும்மா இருங்கள். அத்தை, காலையில் எழுந்ததும் வலி அதிகமா? வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறதா? ஐஸ் தண்ணீர் பட்டால் பல் கூசுகிறதா?

மாலதி: காலையில்தான் அதிகம். சத்தம் வருகிறது. கூச்சம் கிடையாது.

நித்யா: காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. நடுவில் மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கும். அது இடம் விலகினால் சத்தம் வரும். வெறும் சத்தம் என்றால் விட்டுவிடலாம், வலியும் சேர்ந்திருப்பதால்தான் கேட்கிறேன். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா?

மாலதி: இரண்டுதான் போகிறது!

பிரியா: அம்மா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள். பேங்கில் ஆடிட் ஆரம்பித்த நாளிலிருந்து.

மாலதி: நான் எங்கேடி கடிக்கிறேன்?

பிரியா: 🎤 குரல் செய்தி (0:14)

கார்த்திக்: சித்தி, இது மாவு மில் 😂

சரோஜா: பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி. வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடு பிரியா.

நித்யா: பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை பெரிய அத்தை. ராத்திரி முழுக்கக் கடித்தால் கன்னத்துத் தசையும் மூட்டும் களைத்துப்போகும். டென்ஷன் இருந்தால் கூடும். நேரில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும், ஆனால் கேட்டவரை பல் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

கோபால்: நம் பெரியப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் தாடை வலியாகத்தானே ஆரம்பித்தது? பல் வலி என்று படுத்திருந்தார்.

நித்யா: அது சரியான பேச்சு அப்பா. நடந்தால், மாடி ஏறினால் தாடை வலித்து, உட்கார்ந்தால் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். திடீரென்று வலித்து, வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் பல் டாக்டரைத் தேடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பெண்களுக்கும் சுகர் இருப்பவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல்கூட வரும்.

மாலதி: மாடி ஏறினால் ஒன்றும் இல்லை. மென்றால்தான்.

நித்யா: நல்லது. கரண்ட் அடித்த மாதிரி நொடியில் வெட்டிவிட்டுப் போனால் அது முகத்து நரம்பு. சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காது, வேறு மருந்து. அது தெரியாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வலியும் போகாமல் எங்கள் பல் மருத்துவக் கல்லூரி ஓபிக்கு வருகிறவர்கள் உண்டு. பிடுங்கின பல் திரும்ப முளைக்காது அத்தை.

மாலதி: பயமுறுத்தாதே. இப்போது என்ன செய்யட்டும்?

நித்யா: இரண்டு வாரம் குழைந்த சாதம், பொங்கல், இடியாப்பம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான துணியால் 10-15 நிமிடம் ஒத்தடம். கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். ஆபீசில் உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டக் கூடாது. ராத்திரி பல் மேல் மாட்டிக்கொள்ள அளவெடுத்து ஒரு உறை செய்து தருவார்கள். ஆபரேஷன் வரை போகிறவர்கள் ரொம்பக் குறைவு.

சரோஜா: கோகுலாஷ்டமிச் சீடையை உனக்கென்று டப்பாவில் எடுத்து வைத்தேனே!

கார்த்திக்: சித்தி பங்கு எனக்கு.

நித்யா: பெரிய அத்தை, எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி போடுகிறீர்கள் அல்லவா? எப்போது பல் பிடுங்கப் போனாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். சிலருக்குப் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே கெட்டுப்போகும்.

சரோஜா: இதை எனக்கு யாருமே சொல்லவில்லையே.

மாலதி: சரி, எங்கே வர?

நித்யா: எங்கள் காலேஜுக்கே வாருங்கள், அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் கோட்டை ஸ்டேஷன், எதிரேதான். திங்கள் காலை சீக்கிரம் வந்தால் முழுத் தாடை எக்ஸ்ரேயும் எடுத்துவிடலாம்.

பிரியா: எனக்கு மூன்று விரல் போகிறது 🙋‍♀️

கார்த்திக்: எனக்கும். மாமா?

நித்யா: அப்பா? நாற்பது வருடப் பாக்கு. பாக்கு போட்டால் வாய்க்குள் தோல் நார் நாராக இறுகும், வாய் திறப்பது குறையும், புற்றுநோய் வரைக்கும் போகலாம். வைத்துப் பாருங்கள்.

காலை 9.25

நித்யா: அப்பா, நீல டிக் தெரிகிறது.

கோபால்: இரண்டரை.

கோபால்: மாலு, திங்கட்கிழமை எத்தனை மணி ரயில்? எனக்கும் சேர்த்து டிக்கெட் எடு.