பொதிகுறிப்பு: படக்கோப்பின் உள்விவரங்களுக்கு ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படக் கோப்பினுள் கேமரா எழுதிவைத்த விவரங்களை நிரல்வழிப் படிப்பது பற்றித் தமிழில் எழுத முற்படும் எவரும் முதற்பத்தியிலேயே ஒரு சொல்லுக்காக நிற்க நேர்கிறது. இத்தகைய விவரங்களுக்கு 'மீத்தரவு' (metadata) நன்கு வேரூன்றிவிட்ட சொல். அதை மாற்ற வேண்டும் என்று நான் கருதவில்லை. மீக்கோள், மீந்தோல் ஆகிய பழஞ்சொற்களில் 'மீ' என்பது மேலே என்னும் பொருளைத் தருவதால், ஒரு தரவுக்கு மேல்நிலையில் நின்று அதைப் பற்றிச் சொல்லும் தரவு என மீத்தரவு தானே விளங்கிவிடுகிறது. நூலகப் பட்டியலுக்கும் தரவுத்தள விளக்கத்துக்கும் அது பொருந்தும். ஆனால் நாம் இங்கே பேசுவது கோப்புக்குள்ளேயே கிடந்து, கோப்பு செல்லும் இடமெல்லாம் உடன்செல்லும் விவரத்தை. அதே விவரத்தைப் படத்தின் அருகில் தனிக்கோப்பாக வைக்கும் வழக்கமும் உண்டு; படத்தை மட்டும் படியெடுத்தால் அந்தத் தனிக்கோப்பு பின்தங்கிவிடும். நிரல் எழுதுபவருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். ஆகவே இரண்டையும் உள்ளடக்கும் பொதுப்பெயராக மீத்தரவு இருக்கட்டும். உள்ளே இருப்பதற்குத் தனிப்பெயர் வேண்டும்.

'உட்பொதி மீத்தரவு' என்று சிலர் எழுதுகிறார்கள். 'உள்' ஒரு பக்கமும் 'மீ' இன்னொரு பக்கமும் இழுப்பதோடு, அதன்மேல் 'படிப்பான்', 'நீக்கி' போன்றவற்றைச் சேர்க்கும்போது சொல் சொற்றொடராகவே நீண்டுவிடுகிறது. 'உட்குறிப்பு' சுருக்கமானதுதான், ஆயினும் வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தும் பொருள் என்று அது ஏற்கெனவே வழங்குகிறது. 'படக்குறிப்பு' என்றால் படத்தின் கீழே அச்சிடும் வரி என்றே எவரும் கொள்வார்கள்.

நான் முன்மொழிவது 'பொதிகுறிப்பு'. இது வினைத்தொகை. கேமரா முன்பே பொதிந்த குறிப்பு, திருத்தும் மென்பொருள் இப்போது பொதிகின்ற குறிப்பு, உரிமையாளர் பின்னர் பொதியும் குறிப்பு என மூன்று காலத்துக்கும் அது பொருந்துகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: 'பொதிக்குறிப்பு' என்று ககர ஒற்று இட்டு எழுதினால் மூட்டையைப் பற்றிய குறிப்பு என்று பொருள் மாறிவிடும். தனிக்கோப்பில் இருப்பதை இதற்கு இணையாகப் 'புறக்குறிப்பு' எனலாம்.

இந்தச் சொல் நிரலாக்க விளக்கத்தில் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். ஜேபெக் கோப்பு 255, 216 என்ற இரண்டு பைட்டுகளுடன் தொடங்குகிறது. அதன்பின் வரும் துண்டங்களில் 255, 225 என்று தொடங்குவதில்தான், கேமராக்கள் படவிவரங்களை எழுதும் வடிவமான எக்ஸிஃப் பொதிகுறிப்பு இருக்கும். இத்தகைய விவரங்களுக்கான இன்னொரு வடிவமான எக்ஸ்எம்பி பொதிகுறிப்பும் அதே எண்களைக் கொண்ட துண்டத்திலேயே வருவதால், நீளத்தைச் சொல்லும் இரண்டு பைட்டுகளுக்கு அடுத்துள்ள எழுத்துகளைப் படித்த பிறகே இது எதுவென்று முடிவுசெய்ய இயலும். எக்ஸிஃப் எனில் அங்கிருந்து, டிஃப் என்ற படக்கோப்பு வடிவின் தலைப்பு ஒன்று தொடங்கி, பல பைட்டுகளாலான எண்ணை எந்த வரிசையில் படிப்பது என்பதை முதல் இரு பைட்டுகளால் அறிவிக்கிறது: 73, 73 என்றால் சிறுமதிப்புப் பைட்டு முதலில், 77, 77 என்றால் பெருமதிப்புப் பைட்டு முதலில். பின்னர் வருவது அடைவு, அதாவது குறிப்புகளின் பட்டியல். அடைவின் ஒவ்வொரு பதிவும் 12 பைட்டுகள் கொண்டது: இது என்ன விவரம் என்று சொல்லும் குறியெண்ணுக்கு இரண்டு, மதிப்பின் வகைக்கு இரண்டு, எண்ணிக்கைக்கு நான்கு, மதிப்புக்கு நான்கு.

மேலே 'குறியெண்' என்று எழுதியது வேண்டுமென்றேதான். வலைப்பதிவு இடுகைகளுக்கு நாம் வழங்கும் 'குறிச்சொல்' இங்கே பொருந்தாது, ஏனெனில் கோப்பில் சொல் எதுவும் இல்லை. 271 என்றால் கேமராவின் தயாரிப்பாளர், 272 அதன் மாதிரி, 36867 படம் எடுத்த நேரம், 34853 இருப்பிட விவர அடைவுக்கு வழி; கோப்புக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. பெயர்களை நிரல் நூலகம் தன் அட்டவணையிலிருந்து கொண்டுவருகிறது. இது புரிந்தால்தான், அட்டவணையில் இல்லாத எண் வரும்போது நிரல் ஏன் வெறும் எண்ணையே காட்டுகிறது என்பதும் புரியும்.

மதிப்பு நான்கு பைட்டுகளுக்குள் அடங்காவிட்டால் அது வேறோர் இடத்தில் எழுதப்பட்டு, அந்த இடம் எவ்வளவு தள்ளியுள்ளது என்ற எண் மட்டும் பதிவில் நிற்கும். இந்த எண்ணுக்குப் 'பெயர்ச்சி' என்று எழுதக் காண்கிறோம். எதுவும் இங்கே இடம்பெயர்வதில்லை. 'தொடக்கத் தொலைவு' என்பதே சரி என்பது என் கருத்து. எந்தத் தொடக்கத்திலிருந்து என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்புகிறது. விடை: டிஃப் தலைப்பின் தொடக்கத்திலிருந்து, கோப்பின் தொடக்கத்திலிருந்து அன்று. கையால் நிரல் எழுதிப் பழகுவோர் இந்த இடத்தில்தான் பெரிதும் இடறுகிறார்கள்.

இனி வினைச்சொல். இதில் நான் சற்றுக் கடுமையாகவே நிற்க விரும்புகிறேன். பொதிகுறிப்பைப் படித்தறியும் செயலுக்கு 'எடு', 'பிரித்தெடு' என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். தமிழில் 'எடு' என்பது பெறுவதையும் குறிக்கும், அகற்றுவதையும் குறிக்கும். 'இருப்பிடக் குறிப்பை எடு' என்று ஒரு பொத்தானில் எழுதியிருந்தால், அதை அழுத்தியவர் தம் வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்திலிருந்து போய்விட்டன என்று நம்பிப் படத்தைப் பொதுவெளியில் இடக்கூடும். நிரல் செய்தது அவற்றைத் திரையில் காட்டியது மட்டுமே. ஆகவே அறிவதற்குப் 'படி', அகற்றுவதற்கு 'நீக்கு' என்று இரண்டை மட்டும் வைத்துக்கொள்வோம். ஆவணங்களிலும் இடைமுகங்களிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக் கூடாது.

நேரக் குறிப்புகளில் பெரிய சிக்கல் இல்லை. 36867-க்கு 'எடுத்த நேரம்', 36868-க்கு 'எண்மமாக்கிய நேரம்', 306-க்கு 'மாற்றிய நேரம்' எனலாம். 306-ஐப் 'படத்தின் தேதி' என்று மொழிபெயர்ப்பது மட்டும் தவறு. கோப்பைத் திருத்தும் மென்பொருள் அதை மாற்றிவிடலாம்.

எஞ்சியிருப்பது 274 என்ற குறியெண். பார்வையாளருக்குக் காட்டுமுன் படத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்பதை அது 1 முதல் 8 வரையான எண்ணால் சொல்கிறது. 'திசை' என்றால், கேமரா எத்திக்கை நோக்கியிருந்தது என்பதைச் சொல்லும் இருப்பிட அடைவுக் குறிப்போடு மயங்கும். 'சுழற்சிநிலை' 3, 6, 8 ஆகியவற்றுக்குச் சரி. 2, 4, 5, 7 ஆகியவை கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாறியவற்றையும் சேர்த்துக் குறிப்பதால் அவற்றுக்குப் போதாது. 'காட்டுநிலை' என்று எண்ணிப் பார்த்தேன். காடு முன்வந்து நிற்கிறது. சுழற்சி, பிம்ப மாற்றம் இரண்டையும் தழுவி, 'படத்தின்' என்ற அடைமொழி இல்லாமலே தனித்து நிற்கக்கூடிய சொல் ஒருவரிடம் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். அதுவரை என் வரைவில் 274 என்ற எண்ணையே இட்டு வைத்திருக்கிறேன்.