வளைவு கட்டுவதற்கு முன்னால் அந்த ஆர்.ஓ. மெஷினுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்தின் தலைவர் அனுப்பிய நன்கொடைப் பட்டியல் வந்தது. அய்யனார் கோயில் குடமுழுக்கு, அதோடு மெயின் ரோட்டில் சங்கத்தின் பெயர் போட்டு அலங்கார வளைவு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு, நம் ஊர்ப் பெரியகுளம் தூர்வாருவது. தலைக்கட்டுக்கு 500 வெள்ளி (ரிங்கிட்). தலைக்கட்டு என்றால் ஆண்கள் கணக்கு, கட்டிக்கொடுத்த பெண்களுக்கு அதில் இடமில்லை என்று போன கூட்டத்தில்தான் எனக்குச் சொன்னார்கள். பட்டியல் மட்டும் எனக்கும் வந்திருக்கிறது, அடியில் "விருப்பப்பட்டால்" என்று ஒரு வரியோடு. சரி, விருப்பம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி மனைவி வைகாசித் திருவிழாவுக்குப் போய்விட்டுப் போன வாரம்தான் கோலாலம்பூர் திரும்பினாள். நாம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொடுத்த ஆர்.ஓ. குடிநீர் மெஷினைப் போட்டோ எடுத்து வந்திருக்கிறாள், இந்த மடலோடு வைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். குழாய் நான்கில் மூன்றைக் காணோம், நாலாவதைச் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருக்கிறது. மெஷின் அறைக்குள் சத்துணவு விறகு. கரண்ட் பில் கட்ட ஆளில்லாமல் ஃபியூஸைப் பிடுங்கிப் போய் வெகுநாள் ஆகிறதாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது, திருவிழாவுக்கு முன்னால் யாரோ தங்கக் கலர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெயின்ட் காசு எந்தக் கணக்கில் போனது என்று பொருளாளர் சொன்னால் தேவலை.

மெஷின் கெட்டுப்போனதை நான் குறை சொல்லவில்லை. மெஷின் என்றால் கெடத்தான் செய்யும். உப்புத் தண்ணீர் என்றால் முதலில் இருக்கும் ஃபில்ட்டரைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது, இது விற்றவனே சொல்வது. அதற்கு யார் காசு போடுவது என்று நாம் ஒருவரும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் பஞ்சாயத்தைக் கைகாட்டுகிறார், பஞ்சாயத்து நம்மைக் கைகாட்டுகிறது, நாம் திறப்பு விழாப் போட்டோவைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் இனிமேல் எதற்குக் காசு கேட்டாலும் என்னுடைய கேள்வி ஒன்றுதான்: ரிப்பன் வெட்டிய மறுநாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது யார், அந்தச் செலவு எங்கிருந்து வரும்? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத எதற்கும் ஒரு காசு தரக்கூடாது.

பட்டியலை இதை வைத்துப் பார்த்தால் பாதி தானாகவே கழன்றுவிடும். காலைச் சாப்பாடு எதற்கு? 2022 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டு அரசே போடுகிறது, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. நம் பள்ளியும் அதில்தான் இருக்கிறது, தம்பி மனைவி உப்புமா வாசனையோடு பார்த்துவிட்டு வந்தாள். அப்படியிருக்க இந்தத் தலைப்பில் யார் எதற்காகக் காசு கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிகிறது.

குடமுழுக்கு பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது, செய்யட்டும். ஆனால் அய்யனாருக்கு கிரானைட்டும் கண்ணாடிக் கதவும் எதற்கு, அவர் பாட்டுக்கு வேப்பமரத்தடியில் குதிரைகளோடு இருந்தவர். வளைவு கூடவே கூடாது.

குளத்துக்குக் கொடுக்கலாம். இந்தப் பட்டியலில் ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16. தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்த அந்த நேரத்திலும் மறு வருஷமே பேராவூரணி பெரியகுளத்தில் கைஃபா என்கிற கடைமடை விவசாயிகள் அமைப்புப் பிள்ளைகள் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பொக்லைன் இறக்கினார்கள். அவர்களைப் போய்க் கேளுங்கள், கணக்கை எப்படி வைத்தார்கள் என்று. 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது, மக்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். ஆனால் குளத்தை மட்டும் தோண்டிவிட்டு வரத்து வாய்க்காலை விட்டுவிட்டால் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் நமக்கு வந்து சேராது, கடைமடை. கரையில் தென்னை வைத்து வேலி போட்டிருப்பது யார் என்று இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அந்த வேலி விஷயத்தை முதலில் முடிக்கட்டும், அப்புறம் பொக்லைன்.

என்னைக் கணக்குப் பைத்தியம் என்று சொல்வது தெரியும். ஆடி மாத மொய் விருந்தில் யார் எவ்வளவு செய்தார் என்று தாத்தா காலத்து நோட்டு வரை எடுத்துப் பார்க்கிற ஊர் நம்முடையது. சங்கத்துக் காசுக்கு மட்டும் நோட்டு கிடையாதா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது கொஞ்சம் வில்லங்கம். நம்மில் பாதிப் பேர் கையில் நீல ஐசி, அதாவது மலேசியக் குடியுரிமை அட்டை. இந்தியச் சட்டத்துக்கு நாம் வெளிநாட்டுக்காரர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். நாம் ஊர்க் கோயில் கமிட்டிக்கு அனுப்பும் பணம் 2010-ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். வாங்குகிற அமைப்பு உள்துறை அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும், அல்லது முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பதிய வேண்டுமென்றால் மூன்று வருஷமாவது இயங்கி, அதற்குள் 15 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். பதிந்த பிறகும், 2020 திருத்தப்படி, பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில்தான் இறங்க வேண்டும். நம் கமிட்டிக்கு ரசீதுப் புத்தகமே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சிங்கப்பூர் அண்ணனும் துபாய்த் தம்பிகளும் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பாங்க் வழியாக அனுப்பினால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் நாமெல்லாம் சேர்த்து அவர்களில் ஒருவர் கணக்கில் போட்டு அவர் பெயரில் அனுப்புவது சொந்தச் சம்பாத்தியம் ஆகிவிடாது. உறவுக்காரருக்கு வருஷத்துக்குப் 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்காமல் அனுப்பலாம் என்று 2022-ல் வரம்பை ஏற்றினார்கள். அது உறவுக்காரருக்கு, வளைவுக்கு இல்லை.

ஆக, நீல ஐசிக்காரர்கள் காசை இங்கேயே செலவழிப்போம் என்கிறேன். மலேசிய வருமானவரிச் சட்டத்தின் 44(6) அனுமதி உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவும் உண்டு, ரசீதும் ஒழுங்காக வரும். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் கூரை மாற்றவே வாரியத்தார் வாசல் வாசலாகப் போகிறார்கள். நம் பேரப்பிள்ளைகள் படிப்பது அங்கேதானே?

அதைவிடப் பக்கத்தில் ஒன்று. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் கடை வைத்திருந்த பெரியவர் இப்போது இங்கே செந்தூலில் மகள் வீட்டில் இருக்கிறார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவர் கடை மாடியில் பாய் விரித்துப் படுத்து எழுந்தவர்கள் இந்தக் குழுவில் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவருக்கு முதலில் வேண்டியது காசுகூட இல்லை, செவ்வாய், வியாழன், சனி காலையில் ஒரு கார்.

ஆலடி வீட்டு அக்கா, செந்தூல்

* * *

தங்கச்சி,

உன் சட்டமெல்லாம் சரி. ஊருக்குள் நுழையும்போது நம்ம பெயர் ஒன்று வேண்டாமா? பக்கத்து ஊர்க்காரன் வளைவு கட்டிவிட்டான், பஸ்ஸில் வருகிறவனெல்லாம் அதைப் பார்த்து அங்கேயே இறங்கிவிட்டு நம் ஊர் எங்கே என்று கேட்கிறான். கஜா அடித்தபோது முதல் லாரி அரிசியும் தார்ப்பாயும் யார் அனுப்பியது? அன்றைக்கு எந்த அக்காவும் பில் கேட்கவில்லை. அந்தக் குளத்தில்தான் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன், தாமரைக் கொடியில் கால் மாட்டிக்கொண்டு நீ போட்ட கூச்சல் அய்யனார் கோயில் வரை கேட்டது. உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்ததும் எங்கள் வீடுதான், இப்போது நீயே என்னைக் கேள்வி கேட்கிறாய்.

பெரிய வீட்டு அண்ணன், சிங்கப்பூர்

* * *

அண்ணே,

பந்தல் காசு அப்பா நோட்டில் இருக்கிறது. உங்கள் மூத்த மகள் கல்யாணத்தில் அதற்கு மேலேயே செய்தாயிற்று, அண்ணியைக் கேளுங்கள். அரிசி லாரிக்கு நான் பில் கேட்கவில்லை, உண்மைதான், அரிசியை அன்றைக்கே சாப்பிட்டார்கள், பூட்டி வைக்கவில்லை.

வளைவு வேண்டுமென்றால் உங்கள் காசில் கட்டுங்கள், உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தடையில்லை. மெயின் ரோடு என்பதால் நெடுஞ்சாலைத் துறையில் அனுமதி வாங்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கை ஆர்.ஓ. மெஷினுக்கு வருஷாந்தரப் பராமரிப்புக் கட்டணமாகவும் (ஏ.எம்.சி.) கரண்ட் பில்லாகவும் உங்கள் பெயரிலேயே கட்டினீர்கள் என்றால் பலகையில் உங்கள் பெயரைத் தனியாக, முதலில் எழுத வேண்டும் என்று கூட்டத்தில் நானே சொல்கிறேன். பெயின்ட் செலவும் என்னுடையது.

மற்றவர்களுக்கு: செவ்வாய்க்கு என் மகன் வருகிறான், சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் சித்தப்பா ஒத்துக்கொண்டார். வியாழனுக்கு இன்னும் ஆளில்லை. காலை ஆறரைக்குச் செந்தூலில் இருக்க வேண்டும். வருகிறவர்கள் எனக்குத் தனியாக எழுத வேண்டாம், எல்லோரும் பார்க்கிற மாதிரி இங்கேயே எழுதுங்கள்.